இரவிகுளம்: புல்லும் பனியும் வரையாடும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாட்டின் ஆனைமலையை ஒட்டிக் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் மலைமேட்டுப் புல்வெளிதான் இரவிகுளம் தேசியப் பூங்கா. கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மூணாறுக்கு வடக்கே உள்ள இதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். நாட்டின் பெரிய காப்பகங்களோடு வைத்துப் பார்த்தால் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரம் இங்கேதான் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத வரையாடு, வேறெந்த இடத்தையும்விட அதிக எண்ணிக்கையில் இங்கேதான் மேய்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி மலையை மூடுவதும் இந்தச் சரிவுகளில்தான்.

மூணாறுக்குச் சுற்றுலா வருபவர்களில் பலர் இந்தப் பூங்காவை 'ராஜமலை' என்றே அறிவார்கள். ராஜமலை என்பது பூங்காவின் தெற்கு விளிம்பில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஒரு சிறு பகுதி மட்டுமே. அதற்கு அப்பால் உள்ள மேட்டுநிலத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது. அங்கே பெரிய காடு எதையோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்தான். மரங்களெல்லாம் மலை மடிப்புகளுக்குள் ஒடுங்கிக்கொள்ள, முதுகும் தோளுமாக எழும் குன்றுகள் அத்தனையும் புல் போர்த்திக் கிடக்கின்றன. ஆறும் ஆடும் பூவும் இங்கே நிலைத்திருப்பதற்கு இந்தப் புல்தான் ஆதாரம். அதைப் புரிந்துகொண்டால் பூங்காவில் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரி.

நிலத்தின் அடித்தளம் மிகப் பழைய பாறை. தக்காணத்தின் கிரானைட், நைஸ் வகைப் பாறைகள் இங்கே உயர்ந்து நின்று, கோடிக்கணக்கான ஆண்டு மழையிலும் காற்றிலும் தேய்ந்து, மேலே அலையலையான மேட்டுநிலமாகவும் ஓரங்களில் செங்குத்தான பாறைச் சுவர்களாகவும் மாறியிருக்கின்றன. பூங்காவின் தென்பகுதியில் 2,695 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது ஆனைமுடி. நீலகிரியின் தொட்டபெட்டாவைவிட இது 58 மீட்டர் உயரம் கூடியது. ஊசியாகக் கூர்ந்து நிற்கும் சிகரம் அல்ல இது. யானையின் மத்தகம்போல் பருத்து உருண்ட பாறைத் தலை. 1862 மே மாதத்தில் சென்னைப் படையின் அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன் இதன் உச்சியில் ஏறியதாகப் பதிவு இருக்கிறது. அவருக்கு வெகுகாலம் முன்பே மலையில் வாழ்ந்த மக்கள் ஏறியிருப்பார்கள். அவர்கள் அதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனைமுடியைத் தவிர, 2,500 மீட்டரைத் தொடும் அல்லது தாண்டும் முடிகள் இன்னும் சில இங்கே உண்டு. மேட்டுநிலத்தின் நடுவே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது டர்னர் பள்ளத்தாக்கு. பூங்காவை ஏறக்குறைய இரண்டாகப் பிளக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் சரிவுகளில் சோலைகள் அடர்ந்திருக்கின்றன.

இந்த மேட்டில் விழும் மழை இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போகிறது. மேற்கே இறங்கும் ஓடைகள் இடமலையாறு வழியாகவும், தெற்கே இறங்குபவை மூணாறைக் கடந்து முதிரப்புழை வழியாகவும் பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குச் செல்கின்றன. கிழக்கே இறங்கும் ஓடைகள் பாம்பாறாகத் திரண்டு, மறையூர், சின்னார் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து அமராவதி அணையில் தேங்குகின்றன. அங்கிருந்து உடுமலை, தாராபுரம் வயல்களுக்குப் பாய்ந்ததுபோக மிச்சம் கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. உடுமலை–மூணாறு சாலையில் மறையூரைத் தாண்டியதும் வண்டிகளெல்லாம் நின்று பார்க்கும் லக்கம் அருவி, இரவிகுளம் மேட்டிலிருந்து பாம்பாற்றுக்கு இறங்கும் ஓடைதான். கோடையில் அமராவதிக்கு வரும் நீரில் ஒரு பங்கு, வெயில் ஏறிய மாதங்களிலும் வற்றாத இந்த ஓடைகளிலிருந்து வருகிறது.

ஓடை வற்றாமல் இருப்பதற்குக் காரணம் புல்லுக்கு அடியில் இருக்கிறது. குளிர் மிகுந்த மலையில் உதிர்ந்த இலையும் செத்த வேரும் சீக்கிரம் மக்குவதில்லை. அவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கரிய, தளர்ந்த மண்ணாகின்றன. மழைக்காலத்தில் அந்த மண் பஞ்சுபோல் நீரை இழுத்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகு மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. பள்ளமான இடங்களில் சதுப்பு. அந்தச் சதுப்புகளில் கால் வைத்தால் புல் மெத்தை அமுங்கி, சுற்றிலும் நீர் ஊறி மேலே வரும். புல்வெளியின் அடர்ந்த நார்வேர்கள் சரிவில் மண்ணை விடாமல் பிடித்திருக்கின்றன. புல்லின் நீர்த்தேவையும் குறைவு. ஆழ வேர்விட்டு நீரை உறிஞ்சும் வெளிநாட்டு மரங்களை இதே நிலத்தில் நட்டால் ஓடைக்குப் போகும் நீர் குறைந்துவிடும்.

இரவிகுளத்தின் வானிலையைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன், பின் என்று பிரித்துப் பேசுவதே வசதி. ஜூன் தொடக்கத்தில் அரபிக்கடலின் மேகங்கள் மேற்குச் சரிவில் மோதத் தொடங்கினால், செப்டம்பர் வரை மேட்டுநிலம் வெளியே தெரியாது. நாள் முழுவதும் மூடுபனி, சாய்த்து அடிக்கும் மழை, குன்றின் உச்சிகளில் மனிதர் நிற்க முடியாத காற்று. காற்றடிக்கும் பக்கம் உள்ள சோலை மரங்களின் தலைகள் வாரிவிட்டதுபோல் ஒரே மட்டத்தில் சாய்ந்திருப்பது அந்தக் காற்றால்தான். புல்லில் அட்டைகள் நிறைந்திருக்கும். ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்த நான்கு மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து எட்டிப் பார்க்கும். அது பெரும்பாலும் பிற்பகல் மழை. காலையில் வெயில் இருக்கும். புல் கரும்பச்சையாக நிற்பதும் ஓடைகள் நிறைந்து ஓடுவதும் அந்தப் பருவத்தில்தான்.

இந்த மழை எவ்வளவு குறுகிய தூரத்தில் மாறிவிடுகிறது என்பதைப் பார்க்க உடுமலை சாலையில் கிழக்கே இறங்கினால் போதும். இரவிகுளத்தின் மேற்கு விளிம்பில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. அங்கிருந்து நேர்க்கோட்டில் சில பத்துக் கிலோமீட்டர் கிழக்கே, மழை மறைவில் கிடக்கும் சின்னாரில் ஏறக்குறைய 500 மில்லிமீட்டர்தான். மேலே பாசி படர்ந்த சோலை, கீழே கள்ளியும் முள்மரமும். ஒரே நாள் பயணத்தில் இரண்டையும் கண்ணால் பார்த்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலை பருவக்காற்றை எப்படித் தடுக்கிறது என்பதைப் பாடப்புத்தகப் படத்தைவிடத் தெளிவாக இந்தச் சாலை காட்டிவிடும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்திருக்கும். அப்போது பகல் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தாலும், மேகமில்லாத இரவில் நிலத்தின் சூடு முழுவதும் வானத்துக்குப் போய்விடுவதால் விடியற்காலையில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. கனமான குளிர்காற்று சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கும். விடியும்போது புல்லின் ஒவ்வோர் இதழிலும் வெள்ளைப் பொடியாக உறைபனி ஒட்டியிருக்கும். சூரியன் ஏறிய சிறிது நேரத்தில் அது காணாமல் போகும். அருகிலுள்ள எஸ்டேட்டுகளில் இதே உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிவிடுவதால் தொழிலாளர்களுக்கு அது கவலை தரும் பருவம். மார்ச் முதல் மே வரை வெயில் கொஞ்சம் கூடினாலும் மாலையில் கம்பளி தேவைப்படும்.

மழையின் மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1924 ஜூலைப் பெருவெள்ளம் மூணாறு நகரத்தையும், தேயிலையைக் கொண்டுபோக அமைத்திருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையும் அழித்தது. அந்த ரயில் பிறகு மீளவேயில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறையும் பூங்காவையும் இணைக்கும் பெரியவாரை பாலம் இடிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையைத் தாண்டிப் பூங்காவின் எல்லையை ஒட்டியுள்ள பெட்டிமுடியில் மலைச்சரிவு உடைந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களின்மேல் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பலர். நான்கு மாதங்களில் மலையை நனைக்க வேண்டிய மழை சில நாட்களில் கொட்டினால், செங்குத்தான சரிவுகளின் அடியில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள்தான் முதலில் அதற்கு விலை கொடுக்கிறார்கள். ராஜமலையின் அழகைப் பற்றி எழுதும் எவரும் பெட்டிமுடியைச் சொல்லாமல் கடந்துபோவது நியாயமாகாது.

புல்வெளிக்கு வருவோம். மலையில் மரமில்லாத இடத்தைக் கண்டால், யாரோ வெட்டி அழித்த காடு என்று நினைப்பது வழக்கம். நூறாண்டுகளுக்கு மேலாக வனத்துறைகளும் அப்படித்தான் நினைத்தன. 'தரிசு' என்று எழுதி வைத்து, நீலகிரியிலும் பழனி மலையிலும் மூணாறைச் சுற்றிலும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று நட்டுத் தள்ளின. உண்மையில் மேல்மலைப் புல்வெளி மனிதர் வருமுன்பே இருந்தது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்துள்ள கரிய மக்குமண்ணின் கார்பன் தடயங்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது என்று காட்டியது. குளிரும் வறட்சியும் மிகுந்த காலங்களில் புல் பரவியது. ஈரம் கூடிய காலங்களில் சோலை பரவியது. இரண்டும் சேர்ந்ததுதான் இந்த மலையின் இயல்பான உருவம்.

சோலை ஏன் மடிப்பை விட்டு வெளியே வருவதில்லை? பள்ளத்தில் மண் ஆழம், ஈரம் அதிகம், காற்று குறைவு. அடர்ந்த கிளைகளின் கூரை இரவில் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. புல்வெளியில் விழும் சோலை மர விதை முளைத்தாலும், உறைபனி இரவும் அடுத்த பகலின் சுளீர் வெயிலும் மாறி மாறித் தாக்கும்போது அந்தக் கன்று பிழைப்பது அரிது. அதையும் தாண்டினால் புல்லில் ஓடும் தீ. இதனால் சோலைக்கும் புல்லுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு விளிம்பு உண்டாகிறது. வெளியே வெயிலில் புல் காற்றில் அலைய, இரண்டு எட்டு உள்ளே வைத்தால் அரையிருட்டு. மரங்கள் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் போவதில்லை. முறுகி வளைந்த தண்டுகளில் விரற்கடை பருமனுக்குப் பாசி. அந்தப் பாசியில் பெரணியும் ஆர்க்கிடும் ஒட்டி வளர்கின்றன. நாவல், செண்பகம், ருத்திராட்சம், இலவங்கம் ஆகிய குடும்பங்களின் மலை உறவினர்களும், ஓடைக்கரையில் மரப்பெரணிகளும் இங்கே சேர்ந்து நிற்கும். துளிர் இலைகள் சிவப்பு, பழுப்பு, செம்பு நிறங்களில் வருவதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது சோலை பூத்திருப்பதுபோல் தோன்றும்.

சோலைக்கு வெளியே, புல்லின் நடுவில் தனியாக நிற்கும் துணிவு ஒரே ஒரு மரத்துக்கு உண்டு. காட்டுப் பூவரசு என்று தமிழில் அழைக்கப்படும் ரோடோடென்ட்ரான் அது. தடித்த பட்டை தீயைத் தாங்கும். தடித்த இலை பனியைத் தாங்கும். இதன் நெருங்கிய உறவினர்கள் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இமயமலையில் இருக்கிறார்கள். குளிர்ச் சூழலுக்குப் பழகிய செடிகளும் விலங்குகளும், சுற்றிலும் சூடான சமவெளி இருப்பதால், இந்த உயரங்களில் தனித்தனித் தீவுகளில் சிக்கியவைபோல் வாழ்ந்து வருகின்றன. இரவிகுளத்தின் அரிய உயிர்களில் பலவற்றின் கதை இதுதான்.

புல்வெளியைக் குனிந்து பார்ப்பவர்களுக்குத்தான் அதன் செல்வம் தெரியும். மழை விட்டதும் தரையோடு தரையாகக் காசித்தும்பை இனத்துச் செடிகள் இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் பூக்கும். ஈரப்பாறைகளில் பூச்சியைப் பிடித்து உண்ணும் பனித்துளிச் செடி, இலையின் ஒவ்வொரு மயிர் நுனியிலும் பசைத்துளியோடு காத்திருக்கும். இவற்றையெல்லாம் தாண்டிப் பெயர் வாங்கியது நீலக்குறிஞ்சி. முழங்கால் உயரம் முதல் இடுப்பளவு வரை வளரும் இந்தப் புதர், பன்னிரண்டு ஆண்டுகள் இலைவிட்டுக் காத்திருந்து, எல்லாச் செடிகளும் ஒன்றாகப் பூத்து, விதைவிட்டு, ஒன்றாகச் செத்துப்போகிறது. அடுத்த தலைமுறை விதையிலிருந்து தொடங்க வேண்டும். விதை தின்னும் பூச்சிகளும் பறவைகளும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே நேரத்தில் கொட்டிவிடுவதால் மிச்சம் பிழைக்கிறது என்பது இந்த நீண்ட காத்திருப்புக்கு அறிவியலாளர் தரும் விளக்கம். 2006-இலும் 2018-இலும் ஆகஸ்ட் தொடங்கி ராஜமலைச் சரிவுகள் ஊதா நீலத்தில் மூடின. 2018-இல் வெள்ளமும் பாலம் இடிந்ததும் சேர்ந்து பூவைப் பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. அடுத்த பெரும் பூப்பு 2030-இல் வர வேண்டும். இடையிலுள்ள ஆண்டுகளில் செய்தித்தாள்களில் வரும் 'குறிஞ்சி பூத்தது' என்ற செய்திகள் பெரும்பாலும் இதே பேரினத்தின் வேறு செடிகளைப் பற்றியவை. அவற்றில் சில ஆண்டுதோறும் பூக்கும். சில வேறு கணக்கில் பூக்கும்.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாடல்கள் வருடை என்று சொல்லும் இந்த ஆட்டை, விலங்கியலார் வெகுகாலம் இமயத்திலும் அரேபியாவிலும் உள்ள தார் ஆடுகளோடு ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். 2005-இல் மரபணு ஆய்வு அதைத் திருத்தியது. இது அவற்றைவிடச் செம்மறியாட்டு வகைக்கு நெருங்கியது. இதன் பேரினத்தில் வேறு உறுப்பினரே இல்லை. நீலகிரியிலிருந்து தெற்கே அகத்தியமலை வரை சிதறிக் கிடக்கும் பாறைச் சரிவுகளில் மட்டும் வாழும் இது அருகிவரும் விலங்கு. தமிழ்நாடும் கேரளமும் 2025-இல் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,600-க்கும் மேல் தேறின. அவற்றில் 800-க்கும் மேற்பட்டவை இரவிகுளத்தில் மட்டும். அதாவது உலகிலுள்ள வரையாடுகளில் மூன்றில் ஒன்றுக்கு நெருக்கமாக இந்த 97 சதுர கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

ஏன் இங்கே? வரையாட்டுக்கு இரண்டு வேண்டும்: மேய்வதற்குத் திறந்த புல், தப்புவதற்குச் செங்குத்தான பாறை. புல்லில் மேயும்போது சிறுத்தையோ செந்நாய்க் கூட்டமோ தெரிந்தால், கூட்டத்தில் ஒன்று விசில் போன்ற ஒலி எழுப்பும்; அடுத்த நொடியில் எல்லாம் பாறைமுகத்தில் இருக்கும். பாறையில் கால் வைக்க அதன் குளம்பு உதவுகிறது. வெளி விளிம்பு கெட்டியாகப் பாறை முனையைக் கவ்விக்கொள்ள, நடுவிலுள்ள மெத்தைப் பகுதி அழுந்தி வழுக்காமல் பிடிக்கிறது. மனிதக் கண்ணுக்கு ஒரு கைப்பிடிகூடத் தெரியாத சுவரில், பிறந்து சில நாளே ஆன குட்டி தாயின் பின்னால் இறங்குவதை ராஜமலையில் காணலாம். வளர்ந்த கிடா கரும்பழுப்பு நிறம். வயது முதிர முதிர அதன் முதுகில் வெளிறிய சாம்பல் நிறப் பட்டை விழும். எடை 80 முதல் 100 கிலோ வரை போகும். கொம்புகள் இரண்டும் நெற்றியிலிருந்து நெருக்கமாகக் கிளம்பிப் பின்னோக்கி வளையும். பெட்டை அதில் ஏறக்குறைய பாதி எடைதான், நிறமும் வெளிறியது.

இணைசேர்க்கை மழைக்காலத்தில். அப்போது கிடாக்கள் மூடுபனிக்குள் கொம்பு மோதிக்கொள்ளும். சுமார் ஆறு மாதம் கழித்து, ஜனவரியிலும் பிப்ரவரியிலும், பெரும்பாலும் ஒற்றைக் குட்டி பிறக்கிறது. வானம் தெளிந்த, மழையில்லாத நாட்கள் குட்டிக்கு வசதி. ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில், பொதுவாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ராஜமலை சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்படுகிறது. அப்போது வந்து ஏமாந்து திரும்பும் குடும்பங்கள் நிறைய. ஆனால் இந்த மூடல் மிகச் சரியான முடிவு. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் நடக்கும் பாதையோரத்தில் ஈனும் ஆட்டுக்கு ஆண்டில் இரண்டு மாதம் நிம்மதி கொடுப்பதைவிடக் குறைவாக எதையும் செய்துவிட முடியாது. ராஜமலை ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. பல தலைமுறைகளாக இங்கே துப்பாக்கி வெடிக்காததால் பாதையை மறித்துப் படுத்து அசைபோடும் அளவுக்குப் பழகிவிட்டன. பூங்காவின் உள்பகுதியில் உள்ளவை அப்படியில்லை. தொலைவில் ஆளைக் கண்டாலே பாறைக்குப் போய்விடும்.

வரையாட்டைத் தவிர யானை, கடமான், காட்டெருமை, சிறுத்தை, செந்நாய், எப்போதாவது புலி ஆகியவையும் இந்த மேட்டைப் பயன்படுத்துகின்றன. சோலைகளில் கருமந்தியும், கழுத்தில் மஞ்சள் படர்ந்த நீலகிரி மார்ட்டெனும் உண்டு. புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி, சோலையில் நீலகிரி காட்டுப்புறா என்று மேல்மலைக்கே உரிய பறவைகள் இருக்கின்றன. இவை பலவற்றின் பெயரில் நீலகிரி இருந்தாலும் வாழ்விடம் ஆனைமலை வரை நீள்கிறது. இவற்றையெல்லாம்விட இரவிகுளத்துக்கு மட்டுமே உரியது கட்டைவிரல் அளவுள்ள ஒரு தவளை. ஆனைமுடியை ஒட்டிய மேட்டில் புல்தூறுகளின் அடியில் வாழும் இந்த ஆரஞ்சுச் சிவப்புப் புதர்த்தவளையை 2010-இல் எஸ்.டி. பிஜுவும் உடன் ஆய்வாளர்களும் புதிய இனமாக விவரித்தார்கள். குட்டைக் கால்கள், உடலெங்கும் புடைத்த சுரப்பிகள். தலைப்பிரட்டையாக நீரில் நீந்தும் பருவமே இதற்கு இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து சிறு தவளையாக வெளியே வருகிறது. உலகில் இதன் வாழ்விடம் மொத்தமும் சில சதுர கிலோமீட்டர்தான். ஒரு கோடையில் தவறான இடத்தில் பற்றும் தீ ஓர் இனத்தையே முடித்துவிடக்கூடிய நிலை.

இந்த நிலம் தேயிலையாக மாறாமல் தப்பியதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியைக் குத்தகைக்குப் பெற்றார் ஜான் டேனியல் மன்றோ. சின்கோனா, காப்பி என்று முயன்று, கடைசியில் தேயிலை நிலைத்தது. சரிவுகளை வெட்டித் தோட்டமாக்கியவர்கள், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். மூணாறில் இன்றும் தெருவில் கேட்கும் மொழி பெரும்பாலும் தமிழாக இருப்பது அதனால்தான். உறைபனி மிகுந்த இரவிகுளம் மேடு தேயிலைக்கு ஒத்துவரவில்லை. தோட்ட அதிகாரிகள் அதை வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள்; ஓடைகளில் வெளிநாட்டு டிரௌட் மீனை விட்டார்கள். 1928-இல் தொடங்கிய ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் கணக்கில்லாத வேட்டைக்குத் தடை போட்டது. காவலுக்கு இந்த மலைகளின் பழங்குடியினரான முதுவர்களை அமர்த்தியது. நோக்கம் என்னவாக இருந்தாலும், மற்ற மலைகளில் வரையாடு சுட்டுத் தீர்க்கப்பட்ட காலத்தில் இங்கே அது பிழைத்தது.

1971-இல் கேரள அரசு சட்டம் இயற்றிக் கண்ணன் தேவன் மலையில் பயிரிடப்படாத நிலங்களை எடுத்துக்கொண்டது. 1975-இல் இரவிகுளம் சரணாலயமானது. 1978-இல் கேரளத்தின் முதல் தேசியப் பூங்காவானது. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது அதன் 39 இடங்களில் இதுவும் சேர்ந்தது.

முதுவர்கள் இந்த மலைகளின் பழைய குடிகள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்ததாக அவர்களின் வழிவழிக் கதை சொல்கிறது. பேச்சும் தமிழோடு நெருங்கியது. பூங்காவின் விளிம்பில் லக்கம் குடியிலும், மேற்கே காட்டுக்குள் இடமலைக்குடியிலும் வாழ்கிறார்கள். பூங்காவின் காவலர்களில் பலர் இவர்களே. குளிர்காலத்தில் தீத்தடுப்புக் கோடுகளைத் துப்புரவாக்குவதும், முற்றிய புல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்து எரித்து ஆட்டுக்கு இளம்புல் முளைக்கச் செய்வதும், கோடைத் தீயை அணைப்பதும் இவர்களின் கையறிவை நம்பி நடந்த வேலைகள். எந்தச் சரிவில் எந்தக் காற்றில் தீ எப்படி ஓடும் என்று அறிந்தவர்கள் இல்லாமல், காய்ந்த புல் நிறைந்த மலையில் தீயைக் கையில் எடுக்க முடியாது.

பூங்காவைப் பார்க்க வருபவர்கள் மூணாறிலிருந்து மறையூர் செல்லும் சாலையில் ஐந்தாம் மைல் என்ற இடத்தில் இறங்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போடி வழியாக வந்தால் மூணாறைத் தாண்டி வர வேண்டும். உடுமலை வழியாக வந்தால் மூணாறுக்கு முன்பே நுழைவாயில் வந்துவிடும். சொந்த வாகனங்களுக்கு மேலே அனுமதி இல்லை. வனத்துறைப் பேருந்துகள் தேயிலைத் தோட்டங்கள் வழியாக ராஜமலைக்கு ஏற்றிச் செல்கின்றன. அங்கிருந்து பாறைமுகத்தின் அடியில் சாலையில் நடக்கலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் வரையாடுகள், கீழே தோட்டங்கள், மேலே மேகம் விலகினால் ஆனைமுடி. சிகரம் ஏற அனுமதி கிடையாது. பிளாஸ்டிக் பைகளுக்கும் தின்பண்டங்களுக்கும் தடை உண்டு. ஆட்டுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. விடுமுறை நாட்களில் நுழைவாயிலில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும் என்பதால் வார நாளின் காலை நேரமே நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகளைக் காணலாம். செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை பசுமையும் பூக்களும் சேர்ந்து கிடைக்கும். டிசம்பரில் வானம் துலங்கித் தொலைவு தெரியும். ஜூலையில் வந்தால் மழையும் மூடுபனியும்தான். அதையே விரும்பி வருபவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு நாளுக்கு மேல் இருப்பவர்கள் இரவிகுளத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. லக்கம் அருவியையும் மறையூரின் சந்தனக் காடுகளையும் தாண்டிக் கீழே இறங்கினால் சின்னார் சரணாலயம். கிழக்கே வட்டவடை போகும் வழியில் பாம்பாடும் சோலை. ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புள்ள இது கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. வடக்கே எல்லைக்கு அப்பால், ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது தமிழ்நாட்டின் கிராஸ் ஹில்ஸ். அதே புல், அதே சோலை. வரையாடுகள் இரு பக்கமும் போய்வருகின்றன. இரண்டு மாநில வனத்துறைகளும் கணக்கெடுப்பைச் சேர்ந்து நடத்துவது இதனால்தான். கிராஸ் ஹில்ஸில் பொதுச் சுற்றுலாவுக்கு இடமில்லை.